பி சைடு மூன்றாவது பாட்டு

கைப்பற்றுதல் மகஜரில் இப்படி எழுதியிருந்தது: "டேப் டெக் இரண்டு, ரெக்கார்டு பிளேயர் ஒன்று, ஆம்ப்ளிஃபயர் ஒன்று, கறுப்பு நிற வட்டத் தட்டுகள் அட்டை உறையுடன் ஒரு பெட்டி, பல கம்பெனி பாட்டு கேசட்டுகள், பாட்டுப் பெயர் எழுதிய நோட்டு மூன்று." கேசட்டுகள் மொத்தம் இருநூறுக்குக் கொஞ்சம் குறைவு. எதில் என்ன பாட்டு என்று ஒரு வரி இல்லை. எல்.பி. ரெக்கார்டை 'கறுப்பு நிற வட்டத் தட்டு' என்று விவரிக்கும் அளவுக்குக் கவனமாக எழுதிய ஸ்டேஷன் ரைட்டர், கேசட்டுக்கு வந்ததும் 'பல கம்பெனி' என்று முடித்துவிட்டார். எங்கள் கட்சிக்காரரைக் கடைசியில் காப்பாற்றியது அந்த இரண்டு வார்த்தைதான்.

1988-ஆம் வருஷம். திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ரெக்கார்டிங் கடை. கடைப் பெயரும் கடைக்காரர் பெயரும் இங்கே வேண்டாம். ஊரே அவரை அண்ணாச்சி என்றது. நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன். நான் அப்போது பாளையங்கோட்டையில் ஒரு சீனியரிடம் ஜூனியர். வெட்டு, குத்து, வரப்புத் தகராறு, சாராயம் இவைதான் எங்கள் ஆபீஸின் அன்றாடம். பதிப்புரிமைச் சட்டம் அந்தப் படியேறியதே இல்லை. சீனியரின் அலமாரியில் அதன் வெறும் சட்ட வாசகப் புத்தகம்கூடக் கிடையாது. மதுரைக்குப் போகும் குமாஸ்தாவிடம் சொல்லி வாங்கி வரச்செய்தோம்.

ரெக்கார்டிங் கடையைப் பார்க்காத தலைமுறை வந்துவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. சுவர் முழுக்க எல்.பி. உறைகள், முதுகு தெரியும்படி அடுக்கியிருக்கும். கௌண்டரில் கனத்த நோட்டு. அதில் படம்வாரியாகப் பாட்டுகளும் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணும். வருகிறவர் நோட்டைப் புரட்டி, தனக்கு வேண்டிய பாட்டுகளை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, காலி கேசட்டோடு கொடுப்பார். கேசட் இல்லாவிட்டால் கடையிலேயே சோனி, டி.டி.கே., மெல்ட்ராக் என்று இருக்கும். சீட்டைக் கௌண்டர் ஓரத்துக் கம்பியில் குத்திவைப்பார் அண்ணாச்சி. இரண்டு மூன்று நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

அவர் பதிவதை நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வழக்குக்காகத்தான் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். முதலில் கேசட்டைப் பிரித்து, பல்சக்கரத்தில் பென்சிலை விட்டு ரெண்டு சுற்றுச் சுற்றுவார். நாடாவின் தொடக்கத்தில் இருக்கும் நிறமற்ற துண்டில் ஒலி பதியாது. அதைத் தாண்டிவிட்டால்தான் பாட்டின் முதல் அடி விழுங்கப்படாமல் இருக்கும். பிறகு டெக்கின் தலையை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைப்பார். ரெக்கார்டை வெல்வெட் துணியால் ஒற்றி, ஊசியை இறக்கி, மீட்டரில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் ஆடும்படி லெவல் வைப்பார். பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்கு ஊசியைத் தூக்கும் நேரத்தில் பாஸ் பட்டன். அதை எடுக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் நாடாவில் ஏறினால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. சி-60 என்றால் ஒரு பக்கம் முப்பது நிமிஷம், சி-90 என்றால் நாற்பத்தைந்து. வாடிக்கையாளர் எழுதிய வரிசைப்படியே பதிய வேண்டும், ஆனால் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடக் கூடாது. இரண்டும் ஒத்துவராதபோது மனிதர் படும் பாடு இருக்கிறதே! பல்லவி, சரணம், இடையிசை எல்லாம் அவருக்கு நிமிஷக் கணக்காகவே தெரியும். சீட்டைப் பார்த்த மாத்திரத்தில், "ஏ சைடு ஏழாவது பாட்டை பி சைடுக்குத் தள்ளினாத்தான் அடங்கும்" என்பார். எல்லாம் முடிந்து, கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லை ஸ்குரூ டிரைவரால் உடைத்துக் கொடுப்பார். அதற்கு மேல் யாரும் தெரியாமல் அழித்துவிட முடியாது. அழித்தே ஆகவேண்டும் என்றால் அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்ட வேண்டும்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் கேசட்டைக் கொண்டுவந்தபோது அதைப் பேச்சைப் பதிவதற்கான கருவியாகவே நினைத்தார்கள். எங்கள் பக்கத்தில் அது இரண்டுக்கும் பயன்பட்டது. மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினம் என்று வளைகுடா நாடுகளுக்கு ஆள் போன ஊர்கள் நிறைய. அங்கிருந்து வந்த முதல் பொருள் டூ-இன்-ஒன் செட். கடிதம் எழுதத் தெரியாதவர்களும் எழுதத் தெரிந்தும் எழுத்தில் ஆறாதவர்களும் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். இந்த விஷயம் பின்னால் கோர்ட்டுக்கு வரும்.

கடைகளில் கம்பெனி கேசட்டே கிடைத்ததே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். கம்பெனி கேசட்டில் ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம். ஒரு படத்தில் நமக்கு வேண்டியது ஒரு பாட்டோ ரெண்டு பாட்டோதான். டி.எம்.எஸ். சோகப் பாட்டு மட்டும் வேண்டும் என்பவருக்கும், இளையராஜா இசையில் ஜானகி பாடியது மட்டும் வேண்டும் என்பவருக்கும் எந்தக் கம்பெனி கேசட் போடும்? 'நிழல்கள்' படத்தின் ரெக்கார்டில் ஜானகியின் பாட்டு ஒன்று உண்டு. படத்தில் அது வரவில்லை. அதைத் தேடி அலைந்தவர்கள் கடைசியில் வந்து சேர்ந்தது இந்த மாதிரிக் கடைகளுக்குத்தான். பஸ் டிரைவர்கள், டீக்கடைக்காரர்கள், கல்யாண வீட்டுக்கு மைக் செட் போடுகிறவர்கள், காதலிக்கிறவர்கள். கடைசி வகையினர் சீட்டை மடித்துக் கொடுப்பார்கள் என்பார் அண்ணாச்சி.

ஓர் இசைத்தட்டு நிறுவனம் புகார் கொடுத்தது. ஒரு நாள் மத்தியானம் போலீஸ் வந்து கடையை வழித்து எடுத்துக்கொண்டு போனது. 1984 திருத்தத்துக்கு முன்னால் இப்படிச் செய்திருக்க முடியாது. மாஜிஸ்ட்ரேட் வழக்கைக் கோப்பில் எடுத்த பிறகுதான் போலீஸ் கைவைக்கலாம். திருத்தத்துக்குப் பின் 64-ஆம் பிரிவின்படி சப்-இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாத அதிகாரி, குற்றம் நடந்திருக்கிறது என்று தனக்குத் திருப்தி ஏற்பட்டால், வாரண்ட் இல்லாமலே நகல்களையும் அவற்றைத் தயாரிக்கும் சாதனங்களையும் கைப்பற்றலாம். அந்தத் 'திருப்தி' எதிலிருந்து வந்தது என்பதுதான் எங்கள் வழக்கு. 63-ஆம் பிரிவில் குறைந்தது ஆறு மாதம், அதிகம் மூன்று வருஷம் சிறை. கூடவே 52ஏ: ரெக்கார்டை வெளியிடுகிறவர், தயாரித்தவர் பெயர், விலாசம், உரிமையாளர் பெயர், முதல் வெளியீட்டு வருஷம் எல்லாம் அதன்மேல் அச்சிட வேண்டும். தவறினால் 68ஏ, அதற்கும் மூன்று வருஷம் வரை. அண்ணாச்சி கேசட்டின்மேல் எழுதியது எல்லாம் நீல மையில் 'பழசு', 'புதுசு', 'டிரைவர்', 'அக்கா கல்யாணம்' என்பது மட்டும்.

அதே 64-ஆம் பிரிவில் இன்னொன்றும் உண்டு. கைப்பற்றப்பட்ட பொருளில் உரிமை உள்ள எவரும் பதினைந்து நாளுக்குள் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனுப் போட்டுத் திரும்பக் கேட்கலாம். கேசட் கொடுத்துவைத்த நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவருக்கும் இது தெரியாது. தெரிந்தாலும் ஒரு கேசட்டுக்காகக் கோர்ட்டு ஏற யார் வருவார்? பூட்டிய கடையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஜாமீன் ஆன மறுநாள் அண்ணாச்சி ஆபீஸில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, மடியில் ரெக்கார்டு வாங்கிய பில்கள் ஒரு கட்டு. சென்னையில் ரெக்கார்டு கடைகளில் காசு கொடுத்து வாங்கிய அசல் தட்டுகள், எல்லாவற்றுக்கும் ரசீது.

"சார், நான் பாட்டை விக்கலை. கேசட்டு அவங்களுது, பாட்டு கம்பெனியுது. நான் நேரத்தைத்தான் விக்கேன். தொண்ணூறு நிமிஷ கேசட்டுக்கு நான் தொண்ணூறு நிமிஷம் உக்காரணும்லா?"

ஒரு டெக்கிலிருந்து இன்னொரு டெக்குக்கு இரட்டை வேகத்தில் நகலெடுக்கும் மெஷின் அப்போதே வந்துவிட்டது. அவர் அதைத் தொடவில்லை. உச்சஸ்தாயி மங்கிப்போகும் என்பது அவர் கட்சி. சீனியர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நல்ல பேச்சு. ஆனால் கோர்ட்டில் இதைச் சொன்னால், நகலெடுத்தேன் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி."

சட்டம் எங்கள் பக்கம் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 52-ஆம் பிரிவில் நியாயமான கையாளல் என்று ஒரு விலக்கு உண்டு. நானும் முதலில் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினேன். அப்போது அது இலக்கியம், நாடகம், இசை, ஓவியம் ஆகியவற்றுக்கு மட்டுமே. ரெக்கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. இசையமைப்பு வேறு, அது பதிந்த ரெக்கார்டு வேறு. சட்டத்துக்கு இரண்டும் தனித்தனிப் பொருள். ஆக, வீட்டில் உட்கார்ந்து ரெக்கார்டிலிருந்து தனக்காக ஒரு கேசட் பதிந்துகொண்டவருக்கும் அன்றைய சட்டத்தில் ஒதுங்க இடமில்லை. 2012 திருத்தம்தான் அந்த விலக்கை எந்தப் படைப்புக்கும் என்று விரித்தது. அதற்குள் கேசட் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதே 1988-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஆம்ஸ்ட்ராட் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. வேகமாக நகலெடுக்கும் இரட்டை டெக் மெஷினை விற்றதற்காக ரெக்கார்டு கம்பெனிகள் அந்த நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டிருந்தன. மெஷினை விற்பது, திருட்டு நகலுக்கு அதிகாரம் கொடுப்பதாகாது என்றார்கள் சட்டப் பிரபுக்கள். விசாரணை நடக்கும் காலத்தில் மதுரை நூலகம் ஒன்றில் அதைப் படித்துவிட்டு உற்சாகமாக ஓடிவந்தேன். சீனியர் கேட்டது ஒரே கேள்வி: "நம்ம ஆள் மெஷினை விற்றாரா, மெஷினை ஓட்டினாரா?"

இன்னொன்றும் சொல்லிப் பார்த்தேன். சட்டத்தில் 'இலக்கியப் படைப்பு' என்பதற்குள் அட்டவணைகளும் தொகுப்புகளும் அடங்கும். அப்படியானால் வாடிக்கையாளர் யோசித்து, அடித்து, திருத்தி எழுதிய அந்தப் பாட்டு வரிசையே ஒரு தொகுப்புத்தானே? கம்பெனிக்குப் பாட்டின்மேல் உரிமை என்றால் வரிசையின்மேல் உரிமை இவருக்கு இல்லையா? சீனியர் சிரித்த சிரிப்பில் குமாஸ்தா எட்டிப் பார்த்தார். "பஸ் டிரைவருக்கு இலக்கியப் பட்டம் வாங்கிக் கொடுக்கப் போறீரா வே?" அந்த வாதம் அத்தோடு போயிற்று. கேலிதான் என்றாலும் எனக்கு இன்றைக்கும் அதில் ஏதோ இருப்பதாகத்தான் படுகிறது. இரண்டு பேர் ஒரே இருபது பாட்டைக் கேட்டு வாங்கினாலும் இரண்டு கேசட்டும் ஒன்றாகாது. ஒரு சோகப் பாட்டுக்குப் பின்னால் எதை வைப்பது என்பதில் ஆள் தெரிந்துவிடுவார்.

கம்பெனிக்காக ஏ.பி.பி. (உதவி அரசு வழக்கறிஞர்) மூச்சுக்கு மூச்சு 'கலைஞர்களின் வயிற்றில் அடிக்கிறார்கள்' என்றார். அதைக் கேட்டபோதெல்லாம் எனக்கு 1977-இல் உச்ச நீதிமன்றம் இசை உரிமைக் கழக வழக்கில் சொன்னதுதான் ஞாபகம் வரும். படத்துக்காகப் பணம் வாங்கிக்கொண்டு இசையமைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், உரிமை தயாரிப்பாளருக்கே என்று தீர்ப்பு. பாடகருக்குப் பங்கே இல்லையே என்று நீதிபதி கிருஷ்ண அய்யர் அதே தீர்ப்பில் தனியாக ஒரு குறிப்பு எழுதி ஆதங்கப்பட்டார். பாடுகிறவருக்குச் சட்டத்தில் ஓர் உரிமை வந்தது 1994 திருத்தத்தில். ஆக 1988-இல் அண்ணாச்சி ஒரு ரூபாய் கொண்டுபோய்க் கட்டியிருந்தாலும் அது எஸ்.ஜானகியிடம் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதற்குச் சட்டத்தில் எந்த உத்தரவாதமும் இல்லை. இதை வாதமாக வைக்கவில்லை. வைத்திருந்தால் வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று உட்காரச் சொல்லியிருப்பார்கள், அதுவும் சரிதான்.

சீனியர் போட்ட கணக்கு வேறு. நகலெடுத்தாரா இல்லையா என்ற பேச்சுக்கே போகாதே. எந்தப் பாட்டு, யாருடைய உரிமை, எந்தக் கேசட்டில் என்பதை அவர்கள் நிரூபிக்கட்டும்.

மகஜர் சாட்சி பக்கத்து டீக்கடைக்காரர். அவர் கடையில் காலையிலிருந்து ராத்திரிவரை ஓடுவதே அண்ணாச்சி பதிந்த கேசட்தான். கூண்டில் ஏறியதுமே வியர்த்துவிட்டது. முதல் விசாரணையில் ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கினார்கள், என்ன எழுதியிருந்தது என்று தெரியாது என்றார். ஏ.பி.பி. அவரைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொன்னார். மாஜிஸ்ட்ரேட் அனுமதித்தார். இறங்கிப் போகும்போது அவர் அண்ணாச்சியைப் பார்த்து லேசாகத் தலையாட்டியதை மாஜிஸ்ட்ரேட் பார்த்தாரா என்று தெரியவில்லை, நான் பார்த்தேன்.

அடுத்து கம்பெனியின் பிரதிநிதி. தயாரிப்பாளர்களோடு போட்ட ஒப்பந்தங்களின் ஜெராக்ஸ் ஒரு கட்டு கொண்டுவந்திருந்தார். அசல் தலைமை அலுவலகத்தில் இருக்கிறது என்றார். சீனியர் அந்தக் கட்டை ஓரமாகத் தள்ளினார்.

"உங்கள் பாட்டு எந்தக் கேசட்டில் இருக்கிறது? சான்றுப்பொருள் நம்பர் சொல்லுங்கள்."

"எல்லாவற்றிலும் இருக்கிறது."

"கேட்டீர்களா?"

"நோட்டில் பாட்டுப் பெயர் இருக்கிறது."

"நோட்டு பாடாது. நீங்களே ஒரு கேசட்டை எடுங்கள், கோர்ட்டார் முன்னிலையில் போட்டுக் கேட்போம்."

கோர்ட்டில் டேப் ரெக்கார்டர் கிடையாது. ஸ்டேஷனிலிருந்து ஒரு டூ-இன்-ஒன் வந்தது. பிரதிநிதி மூட்டையில் கைவிட்டு ஒரு கேசட்டை எடுத்தார். பெஞ்சு கிளார்க் அதைப் போட்டு பட்டனை அழுத்தினார். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு ஒரு பெண் குரல், நிதானமாக:

"மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்குக் கால் வீக்கம் வத்திட்டு. நீங்க அனுப்பின பணத்துல பாதியை உங்க தம்பி வாங்கிட்டாக, அதை நீங்கதான் கேக்கணும், நான் கேட்டா நல்லாருக்காது..."

கோர்ட்டில் இருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். சீனியர் எழுந்து, "யுவர் ஆனர், நிறுத்தச் சொல்லுங்கள்" என்றார். பெஞ்சு கிளார்க் பதறிப்போய் வேறு பட்டனை அழுத்த, அந்தக் குரல் கீச்சுக் கீச்சென்று வேகமாக ஓடியது. ஒருவழியாக நின்றது. மறுபடி போட்டபோது பேச்சு முடிந்து நாகூர் ஹனிபா பாடிக்கொண்டிருந்தார். பேசியது போக மீதியிருந்த நாடாவை வீணாக்காமல், புருஷனுக்குப் பிடித்த பாட்டுகளால் நிரப்பித் தரச்சொல்லி யாரோ கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த ஹனிபா பாட்டும் புகார்தாரர் கம்பெனியுடையது அல்ல என்று பிரதிநிதியே ஒப்புக்கொண்டார்.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். மேலிடத்துச் சொல்லை நிறைவேற்றியவர், அவ்வளவுதான். கைப்பற்றும்போது ஒரு கேசட்டையாவது போட்டுக் கேட்டீர்களா என்றதற்கு இல்லை என்றார். கேட்காமலே திருட்டு நகல் என்று எப்படித் திருப்தி ஏற்பட்டது? "மேலே அச்சிட்ட லேபிள் இல்லை."

"வீட்டுக்காரருக்குப் பேசி அனுப்பும் கேசட்டில் அச்சிட்ட லேபிள் இருக்குமா?"

பதில் இல்லை. தனித்தனியாகச் சீல் வைத்தீர்களா என்ற கேள்விக்கும், சாக்கில் போட்டு மொத்தமாகக் கட்டினோம் என்ற பதில்தான் வந்தது.

இங்கேதான் சீனியர் ராம் சிங் வழக்கை எடுத்தார். 1985-இல் உச்ச நீதிமன்றம் தேர்தல் தகராறு ஒன்றில் ஒலிநாடாவைச் சாட்சியமாக ஏற்பதற்கு நிபந்தனைகள் வைத்தது. குரல் அடையாளம் காணப்பட வேண்டும், பதிவு சரியானது என்று நிரூபிக்க வேண்டும், திருத்த இடமிருந்திருக்கக் கூடாது, சீல் வைத்துப் பாதுகாப்பாக இருந்திருக்க வேண்டும், கேட்டால் புரியவேண்டும். பேச்சுக்கு வைத்த அளவுகோல் பாட்டுக்கு ஏன் கூடாது என்பது அவர் வாதம். கேசட் வெறும் பொருளாக இருந்தால் எண்ணிக் காட்டினால் போதும். ஆனால் இங்கே குற்றமே கேசட்டுக்குள் இருக்கிறது. உள்ளே என்ன என்று தெரியாமல் குற்றம் எது என்று எப்படிச் சொல்வது? ஏ.பி.பி.க்கு இது பிடிக்கவில்லை. கொஞ்சம் இழுத்துப் பிடித்த வாதம்தான். இருந்தாலும் மூட்டையும் டூ-இன்-ஒன்னும் கண்ணெதிரே மேஜைமேல் இருந்ததில் அதற்கு ஒரு பலம் வந்துவிட்டது.

52ஏ-வுக்கு ஒரு வரியில் பதில் சொன்னார்: ஒரு ஆளுக்கு ஒரு கேசட் பதிந்து கொடுப்பது 'வெளியிடுவது' ஆகாது.

இந்த இடத்தில் ஒரு உள்விவகாரம். சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி ஆனால் சீனியர் யாருக்கும் வீட்டுக் கதவைத் திறக்கமாட்டார். அகில இந்திய வானொலியின் தேசிய நிகழ்ச்சி. பிலிப்ஸ் ரேடியோ பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து, செம்மங்குடி, மதுரை மணி, எம்.டி.ராமநாதன் எல்லாரையும் வருஷக்கணக்கில் பிடித்து வைத்திருந்தார். பேப்பரில் எழுதி, தேதி போட்டு, ஒரு ஷூ பெட்டி நிறைய. ஏ.பி.பி.யின் ஸ்கூட்டர் பெட்டியில் அண்ணாச்சி கடை கேசட் இருந்தது என்று பின்னால் தெரிந்தது. மாஜிஸ்ட்ரேட்டைப் பற்றி எனக்குத் தெரியாது.

சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை. புகார்தாரரின் உரிமை சட்டப்படி நிரூபிக்கப்படவில்லை, நகல்கள் அடையாளம் காட்டப்படவில்லை என்பவை காரணங்கள். அண்ணாச்சிக்கு முழுச் சந்தோஷமில்லை. "சந்தேகம்னு எழுதிட்டாங்களே சார், தப்பில்லைன்னு எழுதலையே" என்றார். அப்படி எழுத அந்த மாஜிஸ்ட்ரேட்டால் முடிந்திருக்காது. எந்த மாஜிஸ்ட்ரேட்டாலும் முடிந்திருக்காது.

வழக்கு அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். கம்பெனி 66-ஆம் பிரிவில் ஒரு மனுப் போட்டது. எதிரி தண்டிக்கப்பட்டாலும் விடுவிக்கப்பட்டாலும், திருட்டு நகல் என்று கோர்ட்டுக்குத் தோன்றுவதை உரிமையாளரிடம் ஒப்படைக்க உத்தரவிடலாம் என்கிறது அந்தப் பிரிவு. துணைக்கு 58-ஆம் பிரிவு: திருட்டு நகல் உரிமையாளரின் சொத்தாகவே கருதப்படும். அதாவது ஒருவர் தன் காசில் வாங்கிய காலி கேசட்டில் வேறொருவர் பாட்டு ஏறிய நிமிஷமே, நாடா, சக்கரம், பிளாஸ்டிக் டப்பா உட்பட அது பாட்டுக்காரர் சொத்தாகிவிடுகிறது. படித்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டின் சொந்தக்காரரைப் பற்றிச் சட்டம் இவ்வளவு யோசித்திருக்கிறது. கேசட்டின் சொந்தக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை யோசிக்கவில்லை.

உரிமையே நிரூபணமாகாதபோது ஒப்படைப்பு யாரிடம் என்று கேட்டு அந்த மனுவைத் தள்ளுபடி செய்ய வைத்தோம். டெக், பிளேயர், ரெக்கார்டு எல்லாம் முன்பே இடைக்காலமாக ஜாமீன் பத்திரத்தின்பேரில் வந்திருந்தன. கேசட்டுகளுக்கு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 452-இன் கீழ் மனு. எங்களுடையவை அல்ல, வாடிக்கையாளர்களுடையவை, அவர்களிடமே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டோம். போலீஸ் நோட்டை எடுத்துக்கொண்டு போனதே தவிர, கம்பியில் குத்தியிருந்த துண்டுச்சீட்டுகளை விட்டுவிட்டுப் போயிருந்தது. அவை எங்கள் ஆவணம்.

ஆட்கள் வந்தார்கள், எதிர்பார்த்ததைவிட நிறையவே. கோர்ட்டில் ஒலித்த பெண் குரல் கேசட்டை வாங்கிப்போக, மேலப்பாளையத்திலிருந்து அந்த அம்மாளின் மாமனார் வந்தார். மாஜிஸ்ட்ரேட் அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்கச் சொன்னார்.

சிக்கல் ஒரு டி.டி.கே. சி-90-இல் வந்தது. கோர்ட்டின் சொத்து அறையில் இரண்டு மழைக்காலம் கிடந்ததில் லேபிளில் மை ஊறி எழுத்துப் போய்விட்டது. அது தன்னுடையது என்று ஒரு கல்லூரி ஆசிரியரும், வண்டியில் போட்டுக் கேட்டுவிட்டு மறுபடி கடையில் கொடுத்திருந்ததாகச் சொன்ன தென்காசி ரூட் தனியார் பஸ் டிரைவர் ஒருவரும் நின்றார்கள். இரண்டு பேருடைய சீட்டிலும் பாட்டுகள் முக்கால்வாசி ஒன்றேதான். எண்பதுகளின் தமிழ்நாட்டில் அது ஆச்சரியமில்லை.

மாஜிஸ்ட்ரேட் பேனாவை மூடினார். "பி சைடு மூன்றாவது பாட்டு என்ன?"

ஆசிரியர் தன் சீட்டின் நகலைப் பார்த்து ஒரு பாட்டைச் சொன்னார். டிரைவர் யோசித்தார். வாய்க்குள் ஏதோ ஊர்களைச் சொல்லிப் பார்த்தார்.

"ஆலங்குளம் ஸ்டாண்டுக்குள்ள வண்டி நுழையும்போது ஏ சைடு முடியும் அய்யா. திருப்பிப் போட்டு வெளிய எடுத்தா ரெண்டு பாட்டு. அத்தியூத்து தாண்டும்போது மூணாவது. பாட்டுப் பேரு இவுக சொன்னதுதான். ஆனா என் கேசட்டுல சரணத்துல ஊசி குதிச்சு ஒரு வரி ரெண்டு மட்டம் வரும்."

அண்ணாச்சி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஊசி குதித்த கேசட்டைத் தன் கடை வெளியே விட்டது என்று கோர்ட்டில் பதிவாவது, மூன்று வருஷக் குற்றச்சாட்டைவிட அவருக்குப் பெரிய அவமானம்.

டூ-இன்-ஒன் மறுபடியும் வந்தது. நாடாவில் பூசணம் பிடித்து ஒலி மங்கியிருந்தது. மூன்றாவது பாட்டு, இரண்டாவது சரணம், ஊசி குதித்தது. ஆசிரியர் தானே ஒரு கும்பிடு போட்டு ஒதுங்கிக்கொண்டார்.

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்த டிரைவரை அண்ணாச்சி மடக்கினார். "அப்பவே சொல்லியிருந்தா மாத்திப் பதிஞ்சு தந்திருப்பேம்லா? நாளைக்குக் கொண்டாரும், புதுசா ஏத்தித் தாறேன், காசு வேண்டாம்."

"பதிஞ்சு தாங்க அண்ணாச்சி. ஆனா அந்த வரியை ரெண்டு மட்டம் வாறாப்பலயே பதியுங்க. வண்டியில காலேஜ் பயலுவ பூராவும் அப்படித்தான் பாடுவானுவ. ஒரு மட்டம் வந்தா என்னை ஏசுவானுவ."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். இப்படிப் பதிந்தால் இதற்கு ஏதாவது செக்ஷன் வருமா என்று கேட்டார்.